மான் கதையும் ஒரு பிள்ளையின் பயமும்: இஸ்லாம் பாடத்தில் கதை சொல்வது பற்றி

கிழக்கு மாகாணத்தின் கரையோர ஊரொன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். மௌலவியா என்ற மார்க்கக் கல்விப் படிப்பை முடித்த அவர், மூன்று வருடங்களாக ஒரு முஸ்லிம் பாடசாலையில் தரம் 3க்கும் தரம் 4க்கும் இஸ்லாம் பாடம் கற்பித்து வருகிறார். ஊர், பாடசாலை, பிள்ளைகள் பற்றிய அடையாளங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பாடநூலை வாசிப்பது, கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் பார்த்தெழுதுவது, மனனமிட்டு ஒப்புவிப்பது என்று முதல் இரண்டு வருடங்கள் கழிந்திருக்கின்றன. 34 பிள்ளைகள் உள்ள வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைகள் பாடம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மேசைக்கடியில் விளையாடத் தொடங்கிவிடுவார்களாம். இந்த வருடம் அவர் ஒவ்வொரு பாடத்தையும் ஒரு கதையோடு ஆரம்பித்தார். வகுப்பே மாறிவிட்டது என்று எழுதுகிறார். ஆனால் மூன்று சம்பவங்கள் அவருடைய மன நிம்மதியைக் கெடுத்துவிட்டன.

முதலாவது, மான் கதை. வேடனிடம் அகப்பட்ட மான் தன் குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருவதற்காக நபி (ஸல்) அவர்கள் பிணை நின்றார்கள் என்ற கதையைச் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் உம்மம்மாவின் மடியில் கேட்ட கதை அது. மறுநாள் ஒரு மாணவியின் தந்தை, இது ஆதாரமற்ற கதை என்று வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டு அதிபரிடமும் முறையிட்டார். “கதையெல்லாம் வேண்டாம், புத்தகத்தைப் பார்த்துப் படிப்பியுங்கள்” என்று அதிபர் சொல்லிவிட்டார். இரண்டாவது, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம் இப்றாஹீம் (அலை) அவர்கள் மகனை அறுக்க முனைந்த வரலாற்றைச் சொன்ன நாளில், தரம் 3 மாணவன் ஒருவன் பாடம் முடிந்த பின் அருகில் வந்து, “எங்கட வாப்பாக்கும் அப்பிடிக் கனவு வருமா டீச்சர்?” என்று கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து அவன் தந்தையின் அருகில் தூங்க மறுப்பதாகத் தாய் வந்து சொன்னார். மூன்றாவது, தவணைப் பரீட்சையில் வுழூவின் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் சுத்தமாகும் முறையின்) பர்ழுகளை, அதாவது கட்டாயச் செயல்களை, எழுதச் சொன்னபோது, பாதிப் பிள்ளைகள் நபித்தோழர் பிலால் (ரழி) அவர்களின் செருப்புச் சத்தம் சுவர்க்கத்தில் கேட்டதை எழுதி வைத்திருந்தார்கள்.

கதை சொல்வது மார்க்கத்தில் பிழையா, நல்ல படிப்பினை இருந்தால் பலவீனமான செய்தியையும் சொல்லலாம்தானே, நானே கதை கட்டிச் சொல்லலாமா, இல்லை, இதையெல்லாம் விட்டுவிட்டுப் பழையபடி படிப்பிக்கட்டுமா என்று கேட்கிறார். “கதை என்பது கசப்பு மருந்துக்கு முன் கொடுக்கும் சீனிதானே, அதற்கு இவ்வளவு பிரச்சினையா?” என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அன்பின் சகோதரிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

இஸ்லாம் பாடத்திற்கான ஆசிரிய ஆலோசகராகப் பல வருடங்கள் வகுப்பறைகளின் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கதை சொல்வதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கதையைச் சீனி என்று நினைப்பதை நிறுத்த வேண்டும். உங்களுடைய மூன்று சிக்கல்களும் அந்த ஒரு நினைப்பிலிருந்து கிளைத்தவை என்றே எனக்குப் படுகிறது. சீனி என்று எண்ணும்போது அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க மாட்டோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்று அளக்க மாட்டோம், அது பிள்ளைக்குள் போய் என்ன செய்கிறது என்றும் கவனிக்க மாட்டோம்.

முதலில் அந்தப் பிள்ளை

தந்தையின் முறைப்பாடும் அதிபரின் கட்டளையும் காத்திருக்கலாம். அந்தப் பிள்ளை காத்திருக்கக் கூடாது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளை கேட்கின்ற கதைக்குள் தன்னையே வைத்துப் பார்க்கும். பெரியவர்களாகிய நாம் இப்றாஹீம் (அலை) அவர்களின் இடத்தில் நின்று தியாகத்தைப் பார்க்கிறோம். பிள்ளையோ மகனின் இடத்தில் கிடந்து கத்தியைப் பார்க்கிறது. அவன் கேட்ட கேள்வி ஈமானில் உள்ள குறையுமல்ல, அடக்கமின்மையுமல்ல. கதையை நம்பியதால் வந்த கேள்வி அது. உங்களிடம் வந்து கேட்டான் என்பதே அவன் உங்களை நம்புகிறான் என்பதற்கு அடையாளம்.

அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் குறுகியதாகவும் தெளிவாகவும் இருக்கட்டும்: “வராது மகன். அல்லாஹ் நபிமாருக்கு மட்டும்தான் கனவில் அப்படிக் கட்டளை அனுப்பினான். முஹம்மது நபி (ஸல்) அவர்கள்தான் கடைசி நபி. இனி யாருக்கும் அப்படிக் கட்டளை வராது. அன்றைக்கும் அல்லாஹ் அந்தப் பிள்ளையை அறுக்க விடவில்லை.” இதைத் தாயும் தந்தையும் அதே சொற்களில் வீட்டில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் பயம் கூடும். “ஆம்பிளப் பிள்ளை இதுக்கெல்லாம் பயப்படுறதா?” என்று யாரும் கேட்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கடந்தும் தூக்கம் கெடுவது, படுக்கையில் சிறுநீர் போவது, பாடசாலைக்கு வர மறுப்பது என்று தொடருமானால் கதையைத் தவிர வேறு ஏதேனும் காரணமும் இருக்கக்கூடும். அப்போது பாடசாலையில் ஆலோசனை வழங்கும் ஆசிரியரிடம் கதைத்து, பிள்ளை நல வைத்தியர் ஒருவரிடம் காட்டுவதுதான் முறை.

அந்த வரலாற்றை வகுப்பில் சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம். சொல்லும் ஒழுங்கை மாற்ற வேண்டும். அல்குர்ஆன் 37ஆம் ஸூராவில் (அத்தியாயத்தில்) தந்தை மகனிடம் முதலில் கேட்கிறார்: நான் இப்படிக் கனவு கண்டேன், உன் கருத்து என்ன? மகன் பதில் சொல்கிறார். பிறகு அல்லாஹ் அழைத்துத் தடுத்து, மகத்தான பலியொன்றைப் பகரமாகக் கொடுக்கிறான். கத்தியைத் தீட்டியது, கழுத்தில் வைத்தது, அது அறுக்க மறுத்தது என்று நாம் நீட்டி முழக்குகிற காட்சிகள் அந்த வசனங்களில் இல்லை. சிறு பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, “இது நல்லபடியாக முடியும் கதை, பயப்படாமல் கேளுங்கள்” என்று முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், தரம் 3க்கு இதே குடும்பத்தின் வேறொரு கட்டத்தைத்தான் முதலில் கொடுப்பேன். ஸஹீஹுல் புகாரி என்ற தொகுப்பில் இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸில் (நபிமொழி அறிவிப்பில்), தண்ணீருக்காகத் தாய் ஹாஜர் (அலை) அவர்கள் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தடவை ஓடுகிறார்கள், ஸம்ஸம் ஊற்றெடுக்கிறது. வருடங்கள் கழித்து இப்றாஹீம் (அலை) அவர்கள் வரும்போது, மகன் இஸ்மாயீல் ஸம்ஸமுக்கு அருகே ஒரு மரத்தடியில் இருந்து அம்பு சீவிக்கொண்டிருக்கிறார். அல்லாஹ் எனக்கு ஒரு கட்டளை இட்டிருக்கிறான், நீ எனக்கு உதவி செய்வாயா என்று தந்தை கேட்கிறார். செய்வேன் என்கிறார் மகன். பிறகு மகன் கல் எடுத்துக் கொடுக்கத் தந்தை கட்டுகிறார். சுவர் உயர்ந்ததும் தந்தை ஏறி நின்று கட்டுவதற்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வாப்பாவும் மகனும் சேர்ந்து கஃபாவைக் கட்டிய இந்தக் காட்சியை அந்த மாணவன் இருக்கும் வகுப்பில் அடுத்த கிழமையே சொல்லுங்கள். கடதாசிப் பெட்டிகளை அவனிடம் கொடுத்து ஒவ்வொன்றாக உங்களிடம் எடுத்துத் தரச் சொல்லி, நீங்கள் அடுக்குங்கள்.

மான் கதையும் ஆதாரமும்

அந்தத் தந்தை சொன்ன விதம் உங்களை நோகச் செய்திருக்கும். குழுவில் எழுதுவதற்கு முன் உங்களிடம் நேரில் கேட்டிருக்கலாம். ஆயினும் அவர் சொன்ன விடயத்தில் நியாயம் இருக்கிறது. மான் பேசிய செய்தி சில நூல்களில் அறிவிப்பாளர் தொடருடன் வந்துள்ளது என்றாலும், ஹதீஸ் கலை அறிஞர்கள் அதைப் பலவீனமானது என்று கூறியுள்ளார்கள். இப்னு கஸீர் போன்றோர் அதற்கு அடிப்படையே இல்லை என்று சொன்னதாகவும் பதிவாகியிருக்கிறது. நம் தமிழ் வீடுகளுக்குள் அந்தக் கதை வேரூன்றியதற்குக் காரணம் உமறுப் புலவர். 5,027 பாடல்களைக் கொண்ட சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்றே ஒரு படலம் உண்டு. உங்கள் உம்மம்மா உங்களுக்குத் தந்தது ஒரு பெருங்காப்பியத்தின் துளியை. அதை நினைத்து வெட்கப்பட வேண்டாம். தமிழ் இலக்கிய நேரத்தில், “உமறுப் புலவர் இப்படிப் பாடினார்” என்று சொல்லி அதைக் கற்பிக்கத் தடையேதும் இல்லை. இஸ்லாம் பாடத்தில், “நபி (ஸல்) அவர்கள் இப்படிச் செய்தார்கள்” என்று சொல்வதுதான் வேறு விடயம்.

நல்ல படிப்பினை இருந்தால் பலவீனமான செய்தியையும் சொல்லலாம்தானே என்று கேட்கிறீர்கள். நீங்கள் மௌலவியாப் படிப்பில் படித்ததுதான்: சிறப்புகள், ஆர்வமூட்டல் ஆகியவற்றில் பலவீனமான ஹதீஸை எடுத்துச் சொல்ல அறிஞர்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு நிபந்தனை வைத்தார்கள். பலவீனம் கடுமையாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே நிலைபெற்ற ஓர் அடிப்படைக்குள் அது அடங்க வேண்டும். நபியவர்கள் இதை உறுதியாகச் சொன்னார்கள் என்று நம்பிவிடக் கூடாது. மூன்றாவது நிபந்தனையை எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படி நிறைவேற்றுவீர்கள்? “இது ஒருவேளை நடந்திருக்கலாம்” என்ற நுணுக்கத்தை அந்த வயது தாங்காது. டீச்சர் சொன்னார், நடந்தது என்றே வைத்துக்கொள்ளும். பதினைந்து வயதில் வேறொருவர் வந்து அது பொய் என்று சொல்லும்போது, அந்தக் கதையோடு சேர்த்து நீங்கள் சொன்ன மற்றவற்றின் மீதும் ஐயம் விழும். “என்மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவர் நரகத்தில் தன் இருப்பிடத்தை அமைத்துக்கொள்ளட்டும்” என்ற எச்சரிக்கை உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. தெரிந்த பின்பும் தொடர்ந்தால்தான் நிலைமை மாறும்.

இந்தக் கவலை இன்று வட்ஸ்அப்பில் பிறந்ததுமல்ல. ஹிஜ்ரி 597இல், அதாவது கி.பி. 1201இல் மறைந்த பக்தாத் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி, மக்களைக் கூட்டிவைத்துக் கதை சொல்பவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆதாரமின்றி அள்ளிவிடுபவர்களைக் கடுமையாகக் கண்டித்த அவர், தாமே பெரும் கூட்டங்களில் உபதேசம் செய்தவர். நல்ல முறையில் சொல்பவர்களின் தேவையை மறுக்கவில்லை. உங்களுக்கும் அந்தத் தந்தைக்கும் நடுவில் இருக்கும் இடம் அதுதான்.

ஒரு கதை போய்விட்டதே என்று ஏங்கத் தேவையில்லை. அதற்கு நிகரானது ஆதாரத்தோடு இருக்கிறது. அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கிறார்கள்: ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையையும் அதன் இரண்டு குஞ்சுகளையும் கண்டு, குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகை விரித்துத் தாழப் பறந்து தவித்தது. அங்கே வந்த நபி (ஸல்) அவர்கள், “இதன் பிள்ளைகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியவர் யார்? அவற்றை இதனிடமே திருப்பிக் கொடுங்கள்” என்றார்கள். மான் கதையில் உங்களை உருக்கிய அதே தாய்மை இங்கே இருக்கிறது. பறவை பேசவில்லை, பேசாத பறவையின் தவிப்பை நபியவர்கள் புரிந்துகொண்டார்கள் என்பது இன்னும் ஆழமாகப் போய் இறங்குகிறது. குருவிக் கூட்டைக் கலைத்துப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் எனக்குத் தெரியாது.

இதே வகையில் நம்மிடையே மிகப் பரவலாக உள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நபியவர்கள் மீது நாளும் குப்பை கொட்டிய கிழவி, ஒருநாள் நோயுற்றபோது நபியவர்கள் நலம் விசாரிக்கப் போனார்கள் என்ற கதை. நம்பத்தகுந்த ஹதீஸ் தொகுப்புகளில் அது இல்லை. பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியை அதட்டப் போனவர்களைத் தடுத்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்ன சம்பவம் புகாரியில் இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். சிறுநீர் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள்; சிரிக்க விடுங்கள். அதன் பிறகு அவர்கள் கேட்பது அமைதியாக இருக்கும்.

கதைதான் பாடம்

கதை சொல்வது மார்க்கத்தில் பிழையா என்று கேட்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. அல்குர்ஆனில் 28ஆம் ஸூராவின் பெயரே அல்கஸஸ், அதாவது கதை கூறல். 12ஆம் ஸூராவாகிய யூஸுப், “மிக அழகிய வரலாற்றை உமக்குக் கூறுகிறோம்” என்று தொடங்கி, ஒரு சிறுவன் கண்ட கனவில் ஆரம்பித்து, அந்தக் கனவு நனவாகும் இடத்தில் நிறைகிறது. 111 வசனங்களில் பெரும்பகுதி ஒரே கதை. அதே வேரிலிருந்து வந்த கிஸ்ஸா என்ற சொல்லை நம் முன்னோர் தமிழில் ஓர் இலக்கிய வகையின் பெயராகவே ஆக்கிக்கொண்டார்கள். கதை நமக்கு வெளியிலிருந்து வந்த உத்தியல்ல.

ஆகவே கதையை முதல் பத்து நிமிடம் காட்டிவிட்டு மூடிவைத்து, “இனி பாடத்துக்கு வருவோம்” என்று சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் பின்வரிசை மறுபடி மேசைக்கடியில் போய்விடும். கதையின் முடிவில், “இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை என்னவென்றால்” என்று நீங்களே சொல்லவும் வேண்டாம். நான் பார்த்த வகுப்புகளில் ஆசிரியர் அந்த வரியை விழுங்கிக்கொண்ட நாட்களில்தான் பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.

ஒரு வகுப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தாகத்தில் ஈரமண்ணை நக்கிய நாய்க்கு, கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த மனிதரின் சம்பவத்தை ஓர் ஆசிரியை சொன்னார். தன் சப்பாத்தைக் கழற்றிப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சுவரைப் பிடித்து ஏறுவதுபோலக் காட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான் என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். வகுப்பு சற்று நேரம் அசையவில்லை. பிறகு ஒரு சிறுமி கையை உயர்த்தி, “நாய் வாய் வச்சா ஏழு தரம் கழுவணுமே டீச்சர், அவர் கழுவினாரா?” என்று கேட்டாள். வீட்டிலும் குர்ஆன் மத்ரஸாவிலும் நஜீஸ் (அசுத்தம்) பற்றிய சட்டத்தை ஒழுங்காகக் கற்ற பிள்ளை! ஆசிரியை அவளை அடக்கவில்லை. “அதை நபியவர்கள் நமக்குச் சொல்லவில்லை. நாம் என்றால் கழுவுவோம், ஒரு தரம் மண் சேர்த்து. ஆனால் கழுவ வேண்டி வருமே என்று தண்ணீர் கொடுக்காமல் விடுவோமா?” என்று திருப்பிக் கேட்டார். அடுத்த இருபது நிமிடமும் பிள்ளைகளே பாடத்தை நடத்தினார்கள். இரக்கமும் சுத்தமும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்ததை அன்று பார்த்தேன்.

இனி உங்கள் பரீட்சை. பிள்ளைகள் பிலால் (ரழி) அவர்களின் செருப்புச் சத்தத்தை எழுதியது கதையின் தோல்வியல்ல. ஒவ்வொரு வுழூவுக்குப் பின்னும் தொழுத பிலாலின் கதை வழியாக நீங்கள் சொன்னது வுழூவின் சிறப்பை. கேட்டது வுழூவின் பர்ழுகள் ஆறையும். சொன்ன கதைக்குள் அந்த ஆறும் இல்லையே, பிள்ளை எங்கிருந்து எடுக்கும்? பட்டியலாகக் கற்க வேண்டியதைக் கதையின் தலையில் கட்டக் கூடாது; செய்முறையைத் தன் வயிற்றிலேயே கொண்ட கதையைத் தேட வேண்டும். உஸ்மான் (ரழி) அவர்கள் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, பார்த்திருந்தவர்கள் முன்னால் கையைக் கழுவி, வாய் கொப்பளித்து, மூக்கைச் சுத்தம் செய்து, முகம், கை, தலை, கால் என்று வரிசையாகச் செய்து காட்டி, நபி (ஸல்) அவர்கள் இப்படி வுழூச் செய்யக் கண்டேன் என்று சொன்னதை ஹும்ரான் என்பவர் அறிவிக்கிறார். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ளது. ஒரு வாளியையும் கோப்பையையும் முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு பிள்ளை தண்ணீர் ஊற்ற, ஒரு பிள்ளை கழுவ, நீங்கள் ஹும்ரானின் அறிவிப்பைச் சொல்லிக்கொண்டே வாருங்கள். வரிசை கையில் பதிந்த பிறகு, இவற்றில் பர்ழு எவை, ஸுன்னத்து (விரும்பத்தக்கவை) எவை என்று பிரித்துக் கேளுங்கள். நிய்யத்தையும் (மனதில் எண்ணுவதையும்) ஒழுங்குமுறையையும் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் அவ்விரண்டையும் மறப்பார்கள்; அவற்றைத் தனியே வலியுறுத்துங்கள்.

நீங்கள் கட்டும் கதைகள்

நீங்களே கதை கட்டலாமா என்றால், கட்டலாம் என்பதே என் கருத்து. உண்மை பேசுதல், அடுத்த வீட்டாரோடு நடந்துகொள்ளும் முறை போன்ற பாடங்களுக்கு அது உதவும். மனிதர் இருவரை (ஒருவர் இரண்டு தோட்டங்களின் சொந்தக்காரர்) உவமையாக எடுத்துக் கூறும்படி ஸூரத்துல் கஹ்பில் நபியவர்களுக்கே கட்டளை வருகிறது. கற்பனைக் கதையை விரும்பாத உலமாக்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு. உங்கள் பாடசாலையின் மூத்த மௌலவி அப்படிப்பட்டவராக இருந்தால் அவரோடு வாதிட வேண்டாம், ஆதாரமுள்ள சம்பவங்களே உங்களுக்குப் போதுமான அளவு இருக்கின்றன.

கட்டும்போது இரண்டைக் கவனியுங்கள். கதை எந்த வகை என்பதை முதல் வாக்கியத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்: “இது அல்குர்ஆனில் அல்லாஹ் சொன்னது”, “இது ஹதீஸில் வந்தது”, “இது டீச்சர் கட்டிய கதை”. ஒவ்வொன்றுக்கும் உட்காரும் முறையைக்கூட மாற்றலாம். ஒரு மாதத்துக்குள் பிள்ளைகளே, “இது எது டீச்சர்?” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள், ஆதாரம் கேட்கும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது. அடுத்தது, நபிமாரோ ஸஹாபாக்களோ (நபித்தோழர்களோ) சொல்லாத வார்த்தையை அவர்கள் வாயில் வைக்கக் கூடாது. வெயில், மணல், பேரீச்ச மரம், கிணற்றின் ஆழம் என்று காட்சியை விரிக்கலாம். உரையாடலை விரிக்கக் கூடாது. குகைவாசிகள் மூவரா, ஐவரா, எழுவரா என்று தர்க்கிக்க வேண்டாம் என்று அல்குர்ஆனே சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நபிமாரின் வேடத்தில் பிள்ளையை நடிக்கவிடுவதையும் அவர்களை வரைவதையும் முற்றாகத் தவிருங்கள். கிணறு, வாளி, படகு, எறும்புப் புற்று என்று பொருட்களை வரையலாம். துணிப் பாவைகளைப் பயன்படுத்துவதில் அபிப்பிராய பேதம் உண்டு. ஆயிஷா (ரழி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகளை வைத்து விளையாடிய செய்தி புகாரியில் இருப்பதால் பிள்ளைகள் விடயத்தில் அறிஞர் பலர் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எனினும் இப்போதைய நிலையில் அதற்காக இன்னொரு முறைப்பாட்டைத் தேடிக்கொள்ளாதீர்கள்.

தந்தையிடமும் அதிபரிடமும்

வட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் பதில் எழுதாதீர்கள். அங்கே எழுதுவது முப்பது வீடுகளில் முப்பது விதமாக வாசிக்கப்படும். அந்தத் தந்தையைப் பாடசாலைக்கு அழைத்து, அதிபரின் முன்னிலையில், “நீங்கள் சுட்டிக்காட்டியதைத் தேடிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி, ஜஸாகல்லாஹு கைரன்” என்று சொல்லுங்கள். அதோடு, இனி ஏதேனும் ஐயம் வந்தால் முதலில் என்னிடம் கேளுங்கள் என்றும் சொல்லுங்கள்; அது உங்கள் நியாயமான எதிர்பார்ப்பு.

வகுப்பிலும் திருத்த வேண்டும். “நான் சொன்ன மான் கதையை நபியவர்களின் வரலாறு என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். தேடிப் பார்த்தபோது அதற்குப் பலமான ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. அது ஒரு புலவர் பாடிய அழகான பாட்டு. அதற்குப் பதிலாக இன்றைக்கு ஒரு பறவையின் சம்பவம் சொல்கிறேன்.” இவ்வளவு போதும். அந்த மாணவியின் பெயரையோ அவளுடைய வாப்பாவையோ குறிப்பிட வேண்டாம். மதிப்புக் குறைந்துவிடுமே என்று தயங்குவீர்கள். எட்டு வயதில் தன் ஆசிரியை பிழையை ஒப்புக்கொண்டதைப் பார்த்த பிள்ளை அதை நெடுநாள் மறப்பதில்லை.

அதிபரின் சொல்லைக் கதைக்கு விதித்த தடையாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முறைப்பாடு வந்த பதற்றத்தில் பாதுகாப்பான வழியைச் சொல்லியிருக்கிறார். இஸ்லாம் பாடநூலிலேயே நபிமார் வரலாறுகள் இருக்கின்றன. பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் பிள்ளை எதை அடைய வேண்டும் என்று சொல்கின்றன. அதை அடைவிக்கும் முறையில் ஆசிரியருக்கு இடம் உண்டு. ஆனால் அந்த இடத்தைக் காட்டிக் கொடுப்பது உங்கள் பாடக்குறிப்புத்தான். இனி ஒவ்வொரு பாடத்துக்கும் எந்தத் தேர்ச்சி, எந்தக் கதை, எந்த நூலில் எந்த இலக்கம், கதைக்குப் பின் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எழுதி, கிழமை தொடங்குமுன் அதிபரிடம் ஒப்பமிடக் கொடுங்கள். மூத்த மௌலவியிடம் மாதத்துக்கு ஒரு தடவை பட்டியலைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். கேட்கப்பட்டவர் எதிர்ப்பது அரிது. வலயக் கல்வி அலுவலகத்தின் ஆசிரிய ஆலோசகரை ஒருநாள் பாடம் பார்க்க அழைப்பதும் உங்களுக்குப் பலம். இவ்வளவுக்குப் பிறகும் அதிபர் வேண்டாம் என்றால், அந்தத் தவணை முடியும் வரை பாடநூலில் உள்ள வரலாறுகளை மட்டும் எடுத்து, அவற்றையே நன்றாகச் சொல்லுங்கள். முகத்தை முறித்துக்கொண்டு பெற்ற அனுமதி நீண்ட நாள் நிற்காது.

குறிப்பின் முதல் பக்கத்துக்கு எதை எடுப்பது என்று யோசிப்பீர்களானால், அபூ உமைரை எடுங்கள். நபித்தோழர் அனஸ் (ரழி) அவர்களின் குட்டித் தம்பி. நுகைர் என்ற சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடுவார். குருவி செத்துப்போய்க் கவலையோடு இருந்த அந்தப் பிள்ளையிடம் நபி (ஸல்) அவர்கள், “யா அபா உமைர், மா ஃபஅலந் நுகைர்?”, அபூ உமைரே, உன் குருவிக்கு என்ன ஆயிற்று, என்று கேட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) அறிஞர் இப்னுல் காஸ் இந்த ஒரே சம்பவத்திலிருந்து 60 பயன்களை எடுத்து எழுதினார். உங்கள் வகுப்புக்கு ஒன்றே போதும். சொல்லி முடிக்க ஆறு நிமிடம் ஆகும். மீதி நேரத்தில், செத்துப்போன பூனைக்குட்டியையும் தொலைந்துபோன கோழிக்குஞ்சையும் பற்றிப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல, நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.